தவிடு நீக்கியவள் எழுதுவது

அன்புள்ள அமலனுக்கு,

நான் பன்றிகளை விற்றுவிட்டேன் என்று ஓரிக்கை முழுவதும் பேசிக்கொள்கிறார்கள். விற்கவில்லை. சம்பந்தி வீட்டாருக்குப் பயந்து ஒரே நாளில் லாரி வைத்து எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட்டேனாம். போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, பாடகர் குழுவில் இருக்கும் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல காரியம் செஞ்சீங்க வார்டனம்மா. பையன் கல்யாணம்னா சும்மாவா, எல்லாத்தையும் தொடச்சி விட்டுத்தான ஆவணும்" என்றாள். பதினோரு தாய்ப் பன்றிகள், ஓர் ஆண் பன்றி, பால் மறந்த குட்டிகள் முப்பத்து நான்கு, எல்லாம் இன்று காலை தின்றுவிட்டு நலமாக இருக்கின்றன என்று அவளிடம் சொன்னேன். பிறகு கையை விடுவித்துக்கொண்டேன்.

லாரி வந்தது உண்மை. வளர்ந்தவற்றை ஏற்றிப் போக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அதே லாரிதான். ஆனால் வதந்தி லாரியால் கிளம்பவில்லை, பலகையால் கிளம்பியது. மாகறல் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகவே படிக்கும்படி உன் அப்பா பண்ணை வாசலில் மாட்டிய பலகை. "வெண்பன்றிப் பண்ணை" என்று முழம் உயர எழுத்தில் இருக்கும், கீழே அவர் பெயர் இருக்கும். போன மாதம் நீ வந்திருந்தபோது, பெயிண்ட் உதிர்கிறது, புதிதாக எழுதக் கொடுக்கிறேன் என்று சொல்லி அதைக் கழற்றினாய். அது எழுதுகிறவரிடம் போகவே இல்லை. பாக்கியம் தீவனக் கொட்டகையைப் பெருக்கும்போது, தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால், எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்தபடி நிற்பதைக் கண்டுபிடித்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு நானே பார்த்தேன். பெயிண்ட் எங்கும் உதிரவில்லை.

இதைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். தொலைபேசியில் கடினமான கேள்வி வரும்போதெல்லாம் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். இதன் நகல் ஒன்று வீட்டுக் கூடத்து மேசையில் திறந்தே இருக்கிறது. வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இருவரும் ஒளித்து வைத்தது போதும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

பத்து நாள் முன்பு நீ பேசியதைச் சொல் மாற்றாமல் எழுதுகிறேன். தவறிருந்தால் திருத்து.

"அம்மா, அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை நித்யா வீட்டுல இருந்து வீடு பாக்க வராங்க. பண்ணைப் பக்கம் கூட்டிக்கினு போவாதம்மா. வீட்டோட இருக்கட்டும்."

"பண்ணையப் பத்திக் கேட்டா?"

"பண்ணைன்னு தெரியும்மா. மாட்டுப் பண்ணைன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். அவங்க நெனக்கறத திருத்தாம இருந்தா போதும்."

"மாடு எங்கன்னு கேட்டா?"

"மேயப் போயிருக்குதுன்னு சொல்லேம்மா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நித்யாவின் அப்பா பிள்ளையார்பாளையத்தில் மூன்று தறி வைத்திருப்பவர், ஒன்றில் தானே உட்கார்ந்து நெய்பவர். சைவர், வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. தேர் வடம் பிடிக்க அவர்கள் தெருவுக்கு உரிமை உண்டு என்று பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவர், கிறித்தவப் பையனுக்கு, அதிலும் தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பத்துப் பையனுக்குப் பெண் கொடுக்கச் சம்மதிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தச் சம்மதம் பன்றி என்ற ஒரு சொல்லில் உடைந்துவிடும் என்று நினைக்கிறாய். உடையலாம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஓரிக்கைக்கும் பிள்ளையார்பாளையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம்? இதுவரை அவர் காதில் விழாதது ஆச்சரியம். இனியும் விழாது என்று நீ நம்புவது அதைவிட ஆச்சரியம்.

இப்படி மறைக்க நீ யாரிடம் கற்றாய் என்று யோசித்துப் பார்த்தேன். வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

நீ ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில் என்று ஒரு கோடு இருந்தது. அதை நான்தான் நிரப்பினேன். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும், கன்னியர் மடத்துப் பள்ளியில் பிரம்பால் அடித்துத் திருத்திய கையெழுத்து அது. அந்த அழகான எழுத்தில் "கால்நடை வளர்ப்பு" என்று எழுதினேன். நீ பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "பன்னின்னு எழுதலியாம்மா?" என்று கேட்டாய். "பன்னியும் கால்நடைதான். யாராவது கேட்டா மாடுன்னு சொல்லு" என்றேன். பொய்யைச் சொல்லிக் கொடுப்பதற்கு அவ்வளவு நேரம்தான் ஆகிறது. சாயங்காலம் அப்பா வந்து படிவத்தைப் பார்த்தார். அவர் எப்போதும் கிணற்றடியில் குளித்து உடை மாற்றிக்கொண்டு பின்கட்டு வழியாகத்தான் உள்ளே வருவார். அதுவும் என் ஏற்பாடுதான், நினைவிருக்கிறதா? படிவத்தைப் படித்துவிட்டு, "நாலு காலு இருக்குது, நடக்குது. தப்பு ஒண்ணும் இல்லியே" என்று சொல்லிச் சிரித்துக் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து எப்போதும் பக்கம் முழுவதும் ஓடும். அன்று போட்டது ஒரு விரல்கடை அளவுதான் இருந்தது. அதை அன்றே கவனித்தேன். கவனித்தும் படிவத்தை மடித்து உன் பையில் வைத்தேன்.

பள்ளிக்குப் போகுமுன் உன்னைச் சிவப்பு சோப்புப் போட்டு இரண்டு தடவை தேய்ப்பேன். உன் மேல் வாசனை எதுவும் இல்லை. நீ பண்ணைக்குப் போனால்தானே வாசனை வரும்? வார நாட்களில் உன்னை அந்தப் பக்கமே விட்டதில்லை. இருந்தும் தேய்த்தேன். இதையெல்லாம் உன் நன்மைக்குச் செய்ததாக நெடுங்காலம் நினைத்திருந்தேன். விடுதியில் நூற்றிருபது பெண் பிள்ளைகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தவள் நான். நான் நடந்து வந்தால் அவர்கள் பேச்சு நின்றுவிடும். அப்படிப்பட்டவளின் கணவர் பன்றி வளர்ப்பவர் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் என் கவலை. உன் நன்மை அதற்குப் பின்னால் எங்கோ இருந்தது.

அப்பா இறந்தபோது நான் ஓய்வுபெற்று ஓராண்டு ஆகியிருந்தது. நீ முதுகலையில் இருந்தாய். பண்ணையை விற்றுவிடுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். "அந்தம்மாவுக்கு அது ஆவாது" என்று சாவு வீட்டிலேயே ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் விற்கவில்லை. பாசத்தால் எடுத்து நடத்தினேன் என்று நீ வெளியில் சொல்லிக்கொள்கிறாயாம். அதையும் இங்கே திருத்தி வைக்கிறேன். பாசம் பிறகு வந்தது. வந்ததே பிசகான இடத்தில்தான் வந்தது.

உன் அப்பா கலந்த தீவனம் பார்க்க அழகாயிருக்காது. அரிசித் தவிடு, உளுந்து உடைக்கும் ஆலையிலிருந்து வரும் கறுப்புத் தொலி, பொடியாக நறுக்கிய சர்க்கரைவள்ளிக் கொடி, வாழைத்தண்டு, கொஞ்சம் மக்காச்சோளம், கொஞ்சம் புண்ணாக்கு. விடுதியில் அரிசியில் ஓர் உமி தென்பட்டாலும் மூட்டையைத் திருப்பி அனுப்பியவள் நான். கல், உமி, தவிடு மூன்றும் எனக்கு ஒன்றுதான். பண்ணையை எடுத்த முதல் வாரமே தவிட்டை நிறுத்தினேன், தொலியை நிறுத்தினேன், கொடியைக் குப்பை என்று சொல்லி வெளியே எறியச் சொன்னேன். பதிலுக்குத் தீட்டிய குருணையை வேகவைத்துக் கஞ்சியாக்கிக் கொடுத்தேன். சோளத்தை மாவாக அரைத்துச் சலித்துக் கொடுத்தேன். பேக்கரியில் உடைந்த ரொட்டியும் பிஸ்கட்டும் வாங்கினேன். பன்றி குப்பை தின்னும் பிராணி என்று ஊர் சொல்கிறது; என் பன்றிகள் மனிதர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். ஊர் வாயை அடைக்கப் பன்றியின் வாயில் வெள்ளைச் சோறு போட்டேன் என்று இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

அப்பாவோடு பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே வேலை செய்த பாக்கியம் முதல் நாளே தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னாம்மா இது, காய்ச்சக்காரங்களுக்குக் குடுக்கற கஞ்சி கணக்கா கீது. இதுங்களுக்குப் பல்லு இருக்குதும்மா."

"சுத்தமா இருக்கா, இல்லியா?"

"சுத்தமாத்தான் கீது. அடுத்த மாசம் பள்ளிக்கூடத்துல சேத்துடுவீங்களா, இல்ல நேரா காலேஜிக்கா?"

அவளை வேலையை விட்டு நிறுத்தலாமா என்று அன்று யோசித்தேன். நிறுத்தாதது நான் அந்த ஆண்டு எடுத்த ஒரே சரியான முடிவு.

முதல் மாதம் எல்லாம் நன்றாகவே இருந்தது. உடம்பு போட்டன. நாற்றம்கூடக் குறைந்தது. பிறகு தாய்ப் பன்றிகளின் சாணம் ஆட்டுப் புழுக்கைபோல உருண்டு இறுகியது. தின்று முடித்த ஒரு நாழிகைக்குள் மறுபடியும் பசி வந்ததுபோல அடைப்புக் கம்பிகளை மணிக்கணக்கில் கடித்தன. அந்தச் சத்தம் ஓரிக்கைச் சாலைவரை கேட்டது. ஒரு பன்றி ஈன்று முடிக்க ஒரு பகல் முழுவதும் ஆனது. பதினொரு குட்டிகளில் ஐந்து உயிரில்லாமல் வந்தன. அப்பா "பெரியம்மா" என்று கூப்பிடுவாரே, காது கிழிந்த கிழட்டுப் பன்றி, அது தீனியைத் தொடாமல் மூன்று நாள் படுத்திருந்து செத்தது. கால்நடை மருத்துவர் வயிற்றை அறுத்துக் காட்டினார். உள்ளே புண். மாவாக அரைத்த தீனி வயிற்றில் தங்காமல் கூழாக ஓடுவதால் அமிலம் மேலே ஏறிப் புண்ணாகும் என்றார். நான் சலித்த மாவுதான் அது. அவரிடம் நன்றி சொல்லிவிட்டு, கைகழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு பாக்கியம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போனாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

விடுமுறைக்கு வந்த நீ, சாணத்தைச் சின்னப் புட்டிகளில் எடுத்துக்கொண்டு போனாய். பெற்ற தாய்க்குப் பூ வாங்கி வராத பிள்ளை, சாணத்தைப் பனிக்கட்டியில் பொதிந்து எடுத்துக்கொண்டு போகிறானே என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்து அடுப்படியில் உட்கார்ந்து, "நீ பன்னிக்குத்தாம்மா சோறு போட்ட. அதோட குடல்ல குடியிருக்கறதுக்குப் போடல" என்றாய். நீ சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதி வைத்திருக்கிறேன். பன்றியின் வயிறும் சிறுகுடலும் செரிக்க முடியாமல் விட்டுவிடும் நார்தான் பெருங்குடல்வரை போய்ச் சேருகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் காத்திருக்கின்றன. அவை அந்த நாரைப் புளிக்கவைத்துத் தின்று, அமிலங்களாக மாற்றி விடுகின்றன. குடல் சுவர் அந்த அமிலத்தைத் தனக்கு உணவாக எடுத்துக்கொள்கிறது. வளர்ந்த பன்றிக்கு உடம்பில் சேரும் சக்தியில் ஒரு பங்கு அதிலிருந்தே வருகிறது. நார் வயிற்றை நிரப்பி வைப்பதால் தாய்ப் பன்றி பசியில் கம்பியைக் கடிக்காது. சாணம் இளகும், ஈனும்போது துன்பம் குறையும். நாரே போகாவிட்டால் அந்த உயிர்களில் பல பட்டினியில் குறைந்துபோகும். சில, வேறு வழியில்லாமல், குடலின் உட்பக்க வழவழப்பையே சுரண்டித் தின்னும் என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள் என்றாய். நான் வேண்டாதது என்று சலித்துக் கொட்டியதுதான் அங்கே சாப்பாடு.

என் குணம் உனக்குத் தெரியும். தவறு என்று தெரிந்தால் அன்றே திருத்திவிட வேண்டும் எனக்கு. மறுநாள் காலையிலேயே தவிடும் தொலியும் கொடியும் எல்லாத் தொட்டிகளிலும் அள்ளிக் கொட்டச் சொன்னேன், பால் மறந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டிகளுக்கும் சேர்த்து. அவை கழிந்தன. நான்கு குட்டிகள் போயின. "ஒரு பக்கம் சாஞ்சீங்க, இப்ப நிமுத்தறேன்னு அந்தப் பக்கம் வுழறீங்க" என்றாள் பாக்கியம். குட்டிகளின் குடலில் நாரைத் தின்னும் கூட்டம் இன்னும் சேரவில்லை, சின்ன வயிற்றுக்குக் கொஞ்சமாகத்தான் தர வேண்டும், பெரியவற்றுக்கும் பத்து நாளில் படிப்படியாக மாற்ற வேண்டும் என்று நீ சொன்னாய். அதற்கு ஓர் அட்டவணை போட்டோம். முதல் மூன்று நாள் கால் பங்கு, அடுத்த மூன்று நாள் அரைப் பங்கு, பிறகு முக்கால், பத்தாம் நாள் முழுவதும்; தண்ணீர் எப்போதும் கூடுதல். என் கையெழுத்தில் எழுதித் தீவனக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். இப்போதும் இருக்கிறது. அந்த ஆண்டுதான் நீ உன் படிப்பைத் திருப்பிக்கொண்டு குடல் நுண்ணுயிர் ஆராய்ச்சிக்குப் போனாய். பெங்களூரில் இன்று உனக்குக் கிடைத்திருக்கும் ஆய்வுக்கூட வேலைக்கு அடித்தளம் என் பிழை. அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

நித்யாவின் அப்பாவிடம் உன் வேலையைப் பற்றிச் சொன்னபோது, குடல் நுண்ணுயிர் ஆராய்ச்சி என்று சொன்னாய். யாருடைய குடல் என்று அவர் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. உறவினர் வீட்டில் பேச்சு முடிந்ததும் அவர் உன்னைத் தனியாக அழைத்துப் போனாரே, அது தன் மலச்சிக்கலைப் பற்றிக் கேட்க. காலையில் தறிப் பள்ளத்தில் காலை விட்டு உட்கார்ந்தால் மதியம்வரை எழுவதில்லை. சேலையின் கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் கோக்கும் கோர்வை வேலையில் பாதியில் எழுந்தால் இழை பிசகும் என்று தண்ணீரே குடிப்பதில்லை. மூன்று வேளையும் தீட்டிய வெள்ளைச் சோறு, தயிர். இருபது வருடத் தொந்தரவு. நீ என்ன சொன்னாய்? தீட்டாத அரிசி, வாழைத்தண்டு, தோலோடு உளுந்து; ஒரே நாளில் மாற்ற வேண்டாம், பத்து நாளில் கால், அரை, முக்கால்; தண்ணீர் கூடுதல். அது என் கொட்டகைச் சுவரில் இருக்கும் அட்டவணை, அமலா. அளவைத்தான் மாற்றியிருக்கிறாய்.

மூன்று வாரத்தில் அவரே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "வார்டனம்மா, மாப்ளைய வளத்தாலும் வளத்தீங்க! எங்க தெருவே கேக்குது, எந்த டாக்டருன்னு. எந்த ஆஸ்பத்திரியில கத்துக்குச்சும்மா இதெல்லாம்?"

"வீட்டுலயே நெறைய படிச்சான்" என்றேன். அதோடு நானும் நிறுத்திக்கொண்டேன். வாய்ப்பு கையில் வந்தபோது, எழுபதை நெருங்கும் வயதில், மறுபடியும் கால்நடை வளர்ப்பு என்று எழுதினேன். ஆகையால் உன்னைத் திட்ட எனக்குத் தகுதியில்லை. இது திட்டு அல்ல.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை இனிச் சொல்கிறேன். பகல் பதினொரு மணி இருக்கும். நானும் பாக்கியமும் கொட்டகையில் கொடி நறுக்கிக்கொண்டிருந்தோம். நான் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. "அத்தை" என்று குரல் கேட்டது. நித்யா. வீடு பூட்டியிருந்ததாம், பக்கத்து வீட்டில் வழி கேட்டு வந்தாளாம்.

"பாத்து வாம்மா, வழுக்கும்" என்றாள் பாக்கியம்.

நித்யா ஓர் அடைப்பின் மேல் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இதுங்க மாடு இல்லியே அத்தை" என்றாள்.

நான் பேசுமுன் பாக்கியம் முந்திக்கொண்டாள். "கொம்பு மொளைக்கலியேன்னு நாங்களும் பாத்துக்கினுதான் கீறோம் பொண்ணே."

நித்யா சிரித்துவிட்டாள். நான் கையிலிருந்த கொடியைக் கீழே வைத்தேன். "உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"ஆறு மாசம் ஆச்சு அத்தை. அவரு எழுதின ஆராய்ச்சிக் கட்டுரைய இணையத்துல தேடிப் படிச்சேன். தலைப்புலயே பன்னின்னு இருக்குது. இவ்ளோ படிச்சவருக்கு, தேடினா வந்துடும்னு கூடவா தெரியாது?"

"அவன்கிட்ட கேட்டியா?"

"கேக்கல. அவரா சொல்லட்டும்னு இருக்கறேன்."

அப்போதுதான் சுவரில் இருந்த அட்டவணை அவள் கண்ணில் பட்டது. கிட்டப் போய் விரல் வைத்துப் படித்தாள். கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால். திரும்பி என்னைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். "அய்யோ, எங்கப்பாவுக்குக் குடுத்தது இதானா!" என்று தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பாக்கியத்துக்கு விஷயத்தை விளக்க வேண்டியிருந்தது. விளக்கியதும் அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

சிரித்து முடித்ததும் நித்யாவின் முகம் மாறியது. "எங்கப்பா, கோர்வையில ஒரு எழ விட்டுப்போனாலும் பொடவைய விரிச்சிவெச்சி எடத்தக் காட்டிட்டுத்தான் அத்தை குடுப்பாரு. மறைச்சிக் குடுத்தவங்கள வாசப்படி ஏத்த மாட்டாரு. பன்னிய ஒருவேள பொறுத்துக்குவாரு. பொறுத்துக்கலன்னா நான் நின்னு பேசுவேன். ஆனா இவரு சொல்லணும். சொல்லாம தாலி கட்டிட்டாருன்னா, இன்னும் எதெத சொல்லலியோன்னு நான் காலம் பூரா யோசிச்சிக்கினே இருப்பேன். எனக்கு அது வேணாம் அத்தை. கல்யாணமே வேணாம்."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். இதை உனக்கு எழுதப்போகிறேன் என்று அவளிடமே சொல்லிவிட்டேன். முகம் சுளித்தாள், தடுக்கவில்லை. போகும்போது ஒரு கை கொடியை எடுத்து அடைப்புக்குள் போட்டுவிட்டு, அவை தின்னும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகவே நிலைமை இது. அவளுக்குத் தெரியும். அவள் அப்பாவுக்குத் தெரியாது. நீ இனிமேல் அவளிடம் சொன்னால், தெரிந்த பிறகு சொன்னதாகத்தான் ஆகும். அதை இனி மாற்ற முடியாது. அவள் அப்பாவிடம் நீ சொல்வது மட்டும் இன்னும் உன் கையில் இருக்கிறது. ஒன்று சொல்கிறேன். தீவனத்தில் கற்றதை இதற்குப் பொருத்தாதே. தவிட்டைப் பத்து நாளில் கலக்கலாம், இதைக் கலக்க முடியாது. முதலில் பண்ணை, பிறகு கால்நடை, பிறகு மெல்ல மெல்ல என்று அளந்து கொடுத்தவள் நான். அந்தப் படிவம் எழுதிப் பத்தொன்பது வருடம் ஆகிறது, நம் வீட்டில் அது இன்னும் செரிக்கவில்லை. பிள்ளையார்பாளையத்துக்குப் போ, அவர் தறியிலிருந்து எழும் நேரமாகப் பார்த்துப் போ, முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடு. அவர் வயிறு சரியானது எந்தச் சுவரில் இருந்த தாளால் என்பதையும் சொல். அவர் கோபப்பட்டால் படட்டும். வரச் சொன்னால் நான் வந்து பக்கத்தில் நிற்பேன், சொல்லாவிட்டால் வரமாட்டேன்.

பலகையை நானே எழுதுகிறவரிடம் கொடுத்தேன். பெயிண்ட் உதிரவில்லையே, என்ன எழுத என்று அவரும் கேட்டார். அப்பா பெயருக்குக் கீழே என் பெயரை அதே அளவில் எழுதச் சொன்னேன். எட்டு ஆண்டாகப் பண்ணையை நடத்துகிறேன். பெயர் போடலாம் என்று நீ சொன்ன போதெல்லாம் வேண்டாம் என்றவள் நான். நேற்று வாங்கி வந்துவிட்டேன். எழுத்து நேராக இருக்கிறது.

அவர்கள் வீடு பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அது வாசலில் இருக்கும். அதற்கு முன்பே நீ அவரிடம் சொல்லிவிடுவதானால், நீயே வந்து மாட்டு. பழைய ஆணிகளை எடுத்து வைத்திருக்கிறேன். இல்லையென்றால் பாக்கியம் மாட்டுவாள், வருகிறவர்கள் பலகையைப் படித்துத் தெரிந்துகொள்வார்கள். தொலைபேசி வேண்டாம். அவரிடம் எந்த நாள், எந்த நேரத்தில் போகிறாய் என்பதைத் தாளில், உன் கையால் எழுதி எனக்கு அனுப்பு.

அம்மா